கோட்லா சந்தில் ஒரு கண்மாய்

பெண்ணின் அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. ஊரில் நிலம் உண்டா என்று கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான் என்பதை நானே முந்திக்கொண்டு சொன்னபோதும், "அச்சா, அச்சா" என்று தலையை ஆட்டிவிட்டு டீயை உறிஞ்சினார். பிறகு கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, உங்க வீட்டைப் பாக்கணும். ஆனா இப்ப வேணாம். நல்ல மழை பெய்யற அன்னிக்கு வர்றோம். வெயில்ல எல்லா வீடும் நல்ல வீடுதான்."

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. மூத்த பெண்ணை யமுனைக்கு அந்தப் பக்கம் ஒரு தாழ்வான காலனியில் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளை நல்லவர், உத்தியோகம் நல்ல உத்தியோகம், வீட்டைத்தான் யாரும் மழையில் பார்க்கவில்லை. இப்போது வருடா வருடம் ஜூலை பிறந்ததும் மூத்தவள் பிள்ளைகளையும் ஒரு பெட்டியையும் மிக்ஸியையும் தூக்கிக்கொண்டு இவருடைய லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவாள். தண்ணீரில் நனைந்துவிடும் என்பதால் மிக்ஸி. குவார்ட்டர்ஸில் இருப்பது இரண்டு அறை. அரசாங்கத்தில் அதிகாரியாக இருக்கும் மனிதர் மழைக்காலம் முழுக்கச் சமையலறை வாசலில் பாய் விரித்துப் படுப்பார். ராத்திரி தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் எல்லோரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"இன்னொரு பொண்ணையும் தண்ணிக்குக் கட்டிக்கொடுக்க என்னால ஆகாது தம்பி" என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு, "கரெக்ட் சார்" என்றேன். வேறென்ன சொல்ல.

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. பெரியவர்களுக்குத் தெரிந்தே ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அவளைச் சந்தித்துப் பேசியிருந்தேன். அவள் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தில்லியில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுதப் படிக்க வராது. என்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, கறிவேப்பிலைக் கட்டை முகர்ந்து பார்த்தபடி, "தேக்தே ஹைன், பாக்கலாம்" என்றாள். அதை நான் பாதி சம்மதமாக எடுத்துக்கொண்டேன். மீதிப் பாதி என் வீட்டின் கையில் இருந்தது.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிட்வாய் நகரைத் தாண்டினால் கோட்லா. அங்கே ஒரு சந்து, அந்தச் சந்தில் ஒரு தரைத்தளம். கட்டிய காலத்தில் தெருவை விட உயரமாகத்தான் இருந்ததாம். தேர்தல் வரும்போதெல்லாம் சந்துக்குப் புது சிமெண்ட் போட்டார்கள். பழையதைச் சுரண்டாமல் அதன் தலை மேலேயே போட்டார்கள். வீடு நின்ற இடத்தில் நின்றது, தெரு மட்டும் வளர்ந்தது. கடைசியில் வீட்டுக்குள் வருவதற்குப் படி இறங்க வேண்டியதாயிற்று. சின்ன மழைக்குத் தெருத் தண்ணீர் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். பெரிய மழைக்கு உள்ளே வந்து கட்டிலுக்கடியில் உட்கார்ந்துகொள்ளும். போன பிறகும் அதன் ஞாபகம் சுவரில் இருக்கும். முழங்கால் உயரத்துக்குச் சுவர் உப்புப் பூத்து, சுண்ணாம்பு அப்பளம் மாதிரி உப்பி உரியும். இதை தில்லியில் 'சீலன்' என்பார்கள். மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மாளிடம் ஒருமுறை புகார் சொன்னபோது, "சீலன் இல்லாத வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம் பையா" என்று இந்தியில் எனக்கு ஆறுதல் சொன்னார்.

படித்தவன் என்றால் படிக்க வேண்டுமல்லவா. படித்தேன். மெட்ரோவில் நின்றுகொண்டும், அலுவலகத்தில் ஃபைலுக்குப் பின்னால் போனை வைத்துக்கொண்டும், வீட்டுக்குள் தண்ணீர் வராமல் தடுப்பது எப்படி என்று படித்தேன். படித்தபடியே செய்தேன். ஸ்விட்ச் போர்டுகளை என் தோள் உயரத்துக்கு ஏற்றினேன். சுவரைச் சுரண்டிக் காயவிட்டு, தண்ணீர் புகாத பூச்சு அடித்தேன். தரை ஓரத்து விரிசல்களை அடைத்தேன். ஃப்ரிட்ஜும் பீரோவும் செங்கல் மேல் ஏறின. என் மார்க் ஷீட்டுகள் பிளாஸ்டிக் பைக்குள் புகுந்து பரணில் ஏறின. மிச்சம் இருந்தது வாசல்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவும் அம்மாவும் ராமநாதபுரத்திலிருந்து வந்து இறங்கினார்கள், பெண் வீட்டார் வரும்போது பெரியவர்கள் இருக்க வேண்டும் என்று. அப்பா பாதி ஆயுளைக் கண்மாய்க் கரையில் கழித்தவர். எங்கள் பக்கத்தில் மழை எப்போதாவது வரும் விருந்தாளி. வந்தால் விடக் கூடாது. கண்மாய்க்குக் கரை போட்டு, உடைப்பு அடைத்து, மடையைக் காவல் காத்து, அடுத்த வருடம் வரை அதைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையில் அப்பாவை மிஞ்ச ஆள் இல்லை என்று அப்பாவே சொல்வார்.

என் பிரச்சினையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா இம்புட்டு யோசன? வாசலுக்குக் குறுக்க ஒரு கரையப் போட்டா முடிஞ்சது."

நானும் அதைத்தான் படித்திருந்தேன். பிள்ளை படித்ததும் அப்பா அறிந்ததும் ஒன்றாக இருந்தது எங்கள் வீட்டில் அதுவே முதல் தடவை. இருவருக்கும் பெருமை தாங்கவில்லை. நான் அளவெடுத்துப் படம் போட்டேன். அப்பா படத்தை நெற்றிக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, "நல்லாருக்கு" என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தன் இஷ்டத்துக்குக் கட்ட ஆரம்பித்தார். செங்கல்லும் சிமெண்டும் வைத்து முழங்கால் உயரத்தில் சுவர் எழுந்தது.

மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மாள் எட்டிப் பார்த்து, "க்யா பையா, டேம் பனா ரஹே ஹோ?" என்று கேட்டார்.

"என்னவாம் அந்தம்மாவுக்கு?" என்றார் அப்பா.

"அணை கட்டுறீங்களான்னு கேக்குறாங்கப்பா."

"ஆமான்னு சொல்லு."

பூசும்போதுதான் எனக்குச் சின்னதாக ஒரு சந்தேகம் வந்தது. வீட்டுப் பக்கம் நெய் தடவிய மாதிரி வழவழவென்று இழைத்துக்கொண்டிருந்தார். தெருப் பக்கம் செங்கல் பல்லைக் காட்டியது.

"அப்பா, தண்ணி தெருவுல இருந்துல்ல வரும்? பூச்சு அந்தப் பக்கம் வேண்டாமா?"

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "கரைன்னா உள்பக்கந்தான் பூசுவாக. எத்தன கண்மாய் பாத்தவன் நான். எனக்கே சொல்லிக் குடுக்குறியாக்கும்."

"அவரு சொன்னாக் கேட்டுக்க" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. பிறகு என் மனசுக்காக அப்பா தெருப் பக்கமும் ஒரு கை பூசினார், வேண்டா வெறுப்பாக.

சுவர் காய்ந்ததும் அம்மா அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். வாசலில் இருப்பதை வெறுமனே விடலாமா என்பது அவள் கேள்வி. வைத்த கையோடு அதில் முழங்காலை இடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் காலைத் தூக்கித் தாண்டி உள்ளே வர வேண்டியிருந்தது. சாமான் கொண்டுவந்த ஆள் ஒருவன் சுவரைப் பார்த்துவிட்டு, இது வீடா குதிரைலாயமா என்று கேட்டுவிட்டுப் போனான். எனக்குக் கவலை இல்லை. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காகக் காத்திருந்தது நான் மட்டுமில்லை. பெண்ணின் அப்பாவும் காத்திருந்தார். மேகம் கொஞ்சம் கூடினாலும் எனக்குப் போன் வந்துவிடும். "தம்பி, அங்க கருத்திருக்கா? இங்க நல்லா கருத்திருக்கு." பிறகு காற்று வந்து மேகத்தைத் தள்ளிக்கொண்டு போகும். "கேன்சல்" என்று ஒரு மெசேஜ் வரும். அவர் வருவார் என்று அம்மா போண்டாவுக்கு அரைத்த மாவு பலமுறை எங்கள் ராத்திரிச் சாப்பாடாக மாறியது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வானம் கிழிந்தது. தில்லி மழை யோசித்து யோசித்து வராது. வந்தால் பல நாள் கோபத்தை ஒரே மூச்சில் கொட்டும். ஆட்டோக்காரர்கள் மறுத்துவிட்டதால், குடையோடு பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, பெண்ணின் அப்பா சந்துத் தண்ணீரில் நடந்தே வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பின்னால் செருப்பைக் கையில் பிடித்தபடி அவளும் வந்தாள். அம்மா புருவத்தைத் தூக்கினாள்.

"பொண்ணே வந்து வீடு பாக்குறதாம்மா?"

"நான்தானே ஆண்ட்டி இருக்கப் போறேன்? அப்பாவா இருக்கப் போறார்?" என்றாள். அம்மா புருவத்தை இறக்கிவிட்டாள்.

பெண்ணின் அப்பா சுவரின் மேல் ஒரு காலை வைத்து அப்படியே நின்றுவிட்டார். ஒரு பக்கம் கணுக்காலுக்கு மேல் சந்துத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போகிறது. இந்தப் பக்கம் எங்கள் தரை, அம்மா துடைத்த ஈரம் கூட இல்லாமல் கிடக்கிறது. குனிந்து தரையை விரலால் தொட்டுப் பார்த்தார். சுவரைத் தட்டினார். ஸ்விட்ச் போர்டின் உயரத்தைப் பார்த்தார். கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தார். அவருக்குத் திருப்தி கூடக்கூட அப்பாவின் மார்பு விரிந்துகொண்டே போனது.

"கரை யார் போட்டது?"

"நாந்தேன். பய படம் போட்டான்" என்றார் அப்பா.

"வாஹ், வாஹ். பூரா தில்லியும் முங்கினாலும் இங்க ஒண்ணும் ஆகாது போலிருக்கே" என்று சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்து போண்டாவை எடுத்தார். எனக்குக் கல்யாண மேளம் கேட்டது.

அவள் கால் கழுவக் குளியலறைக்குப் போனாள். கழுவிவிட்டு அதன் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"இங்க கழுவுற தண்ணி எங்க போகுது?"

"இந்த ஓட்டை வழியா வெளியே. சந்துச் சாக்கடைக்கு."

"சந்துச் சாக்கடை இப்ப எங்க இருக்கு?"

"தண்ணிக்கு அடியில."

"அச்சா" என்றாள். கணக்கு டீச்சர்கள் பையன் தானாகவே விடையைக் கண்டுபிடிக்கட்டும் என்று நிற்பார்கள் பாருங்கள், அப்படி நின்றாள். நான் விடையைக் கண்டுபிடிப்பதற்குள் ஓட்டையே சொல்லிவிட்டது. முதலில் ஒரு கொப்புளம். பிறகு ஏப்பம் மாதிரி ஒரு சத்தம். பிறகு தண்ணீர், எங்கள் வீட்டுக்கு வழி தெரிந்த ஆள் மாதிரி நிதானமாக ஏறி, குளியலறைப் படியைத் தாண்டி, ஹாலுக்கு வந்தது. அதன் நிறத்தையும் மணத்தையும் பற்றி நான் எழுதப் போவதில்லை.

"மடை எதுக்களிக்குது" என்றார் அப்பா. அவர் குரலில் பயத்தை விட ஆச்சரியம்தான் இருந்தது.

ஆளாளுக்கு ஓடினோம். பழைய துணியைத் திணித்தேன், துணி மிதந்து வந்தது. வாளியைக் கவிழ்த்தேன், வாளி நகர்ந்தது. அப்பா சமையலறைக்குள் பாய்ந்து, அம்மாவுக்காக நான் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கி வைத்திருந்த கிரைண்டரிலிருந்து கல் குழவியைத் தூக்கி வந்து, பிளாஸ்டிக் பையிலும் துண்டிலும் சுற்றி ஓட்டையின் மேல் ஓங்கி அழுத்தினார். நின்றுவிட்டது. ஆனால் அதற்குள் தண்ணீர் எங்கள் கணுக்காலில் இருந்தது. பெண்ணின் அப்பா கட்டிலின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் பாதி போண்டாவோடு, மூத்த மகள் வீட்டைப் பார்க்கிற அதே முகத்தோடு என் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை வந்த மாதிரியே நின்றது. கொஞ்ச நேரத்தில் சந்துத் தண்ணீர் கடகடவென்று வடிந்தது. எதிர் வீட்டுக்காரர்கள் நாற்காலியைத் தெருவில் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு நல்ல வேடிக்கை. ஏனென்றால் ஊரெல்லாம் வடிந்துவிட்டது, எங்கள் வீட்டில் மட்டும் தண்ணீர் அப்படியே நின்றது. மூன்று பக்கம் நான் பூச்சு அடித்த சுவர், விரிசல் அடைத்த தரை. நான்காவது பக்கம் அப்பா உள்பக்கமாக இழைத்துப் பூசிய கரை. மடையில் குழவிக் கல். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. கோட்லாவில் ஒரு கண்மாய் கட்டி முடித்து நிரப்பியும் விட்டோம். அப்பா கரையின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். கசிவே இல்லை. அந்த நிலைமையிலும் அவர் முகத்தில் ஒரு திருப்தி ஓடியதை நான் பார்த்தேன்.

பெண்ணின் அப்பா கட்டிலிலிருந்து சொன்னார்: "உடைச்சிடலாம். சுத்தியல் இருக்கா?"

"எத உடைக்க?" என்றார் அப்பா.

"இந்தச் சுவரத்தான்."

அப்பா கரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "கரைய வெட்டுறதா? கட்டுன கையால நான் வெட்ட மாட்டேன். எங்க ஊர்ல கரைய வெட்டுன வீட்டுக்கு எவனும் பொண்ணு குடுக்க மாட்டான்."

"குடுக்கறதா வேணாமான்னு பாக்கத்தானே நானே வந்திருக்கேன்."

அம்மா மிதந்து வந்த ஒரு வெங்காயத்தை எடுத்து முந்தானையில் துடைத்தாள். கல்யாண மேளம் எனக்குள் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

அவள்தான் பேசினாள். "அங்கிள், அந்தக் கல்லை எடுத்துட்டா போதாதா? வெளியதான் தண்ணி போயிடுச்சே."

நான் குளியலறையைப் பார்த்தேன். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாக என் அம்மா பக்கம் திரும்பி, "மடையத் தெறக்கச் சொல்லுது புள்ள" என்றார். ஊரில் யாரையும் அவர் அந்தக் குரலில் பாராட்டி நான் கேட்டதில்லை.

நான் குனியப் போனேன். அப்பா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "நீ ஆருடா தெறக்க? முறை இருக்குல்ல."

முறை இருந்தது உண்மைதான். எங்கள் ஊரில் கண்மாய் நிறைந்தால் நினைத்தவர் போய் மடையைத் திறந்துவிட முடியாது. ஒரு பெரியவருக்குத் துண்டு போர்த்தி, அவர் கையால் திறக்கவைப்பார்கள். அப்பா கொடியில் கிடந்த காய்ந்த துண்டை உருவினார். தண்ணீரைக் கலக்கிக்கொண்டு கட்டிலுக்குப் போய் அதைப் பெண்ணின் அப்பாவின் தோளில் போர்த்தினார்.

"சம்பந்தி, நீங்க தெறங்க."

"நானா?" என்றார் அவர். துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, இதுக்கு என்ன அர்த்தம்?"

எனக்கு முன்னால் அப்பா பதில் சொல்லிவிட்டார். "தெறந்தவுகளுக்கு அந்தத் தண்ணில பாத்தியதை உண்டு. அப்புறம் நம்ம வேற, அவுக வேறன்னு கெடையாது."

இந்தப் பாத்தியதை விஷயத்தை அதற்கு முன்னும் பின்னும் எங்கள் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவிடம் இதுவரை விசாரிக்கவும் இல்லை.

பெண்ணின் அப்பா தோளில் துண்டோடு யோசித்தார். அரசாங்கத்தில் ஃபைலை நிறுத்தி வைப்பது அவருக்குப் பழக்கமான காரியம்தான். ஆனால் அங்கே ஃபைல்கள் நாறுவதில்லை.

"அப்பா, ஜல்தி" என்றாள் அவள். "என் கால் ஊறுது."

"உனக்குச் சம்மதமா?"

"கல்லை எடுக்கவா? எடுங்கப்பா. மத்ததை அப்புறம் பேசலாம்." சொல்லும்போது என்னைப் பார்த்தாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பாதியாக இருந்தது அப்போது முக்காலுக்கு வந்தது.

அவர் இறங்கினார். குளியலறைப் பள்ளத்துக்குப் போய்க் கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு குழவியைத் தூக்கினார். கண்மாய் ஒரு தடவை சுழன்று, பெரிதாக உறிஞ்சி, இறங்க ஆரம்பித்தது. மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மாளும் எங்களோடு கை தட்டினார். அவர் எவ்வளவு நேரமாக அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

குழந்தையை ஏந்துகிற மாதிரி கல்லை ஏந்தியபடி பெண்ணின் அப்பா கேட்டார், "இதை எங்க வைக்க?"

"எங்குட்டாச்சும் வைங்கண்ணே. இனிமே அதுல மாவாட்ட முடியாது" என்றாள் அம்மா.

"என்கிட்ட குடுங்க மாமா" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒரு நிமிடம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, கல்லைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்து, மாடியை நோக்கி இந்தியில் கேட்டார், மேலே ஏதாவது காலி இருக்கிறதா என்று. தனக்கும் மேலே, மேல்தளத்தில் குடியிருப்பவர்கள் தீபாவளிக்கு முன்னால் காலி செய்கிறார்கள் என்று பதில் வந்தது.

"அப்ப தீபாவளிக்கு அப்புறம் வச்சுக்கலாம்" என்றார் அவர், அப்பாவிடம்.

அப்படித்தான் நடந்தது. நிச்சயத்தன்று மாமனார் தட்டோடு ஒரு புதுக் கிரைண்டரையும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து தானே தோளில் சுமந்து வந்தார். பழைய குழவி இப்போதும் கீழ்வீட்டுக் குளியலறை ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது, மழை வரும்போது வைக்க, நின்றதும் எடுக்க. புதுக் குடித்தனக்காரர்களுக்கு எப்போது வைத்து எப்போது எடுப்பது என்று என் மனைவிதான் வகுப்பு எடுத்தாள். கரையை உடைக்க வீட்டுக்கார அம்மாள் விடவில்லை. அப்பா தில்லிக்கு வரும்போதெல்லாம் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் மேலே ஏறுவார்.

என் மனைவிக்குத் தமிழ் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் மேல்தளத்தில் இருக்கிறோம். உயரம், காற்று, சீலன் கிடையாது. மாமனார் ஒவ்வொரு மழைக்கும் வந்து தரையைத் தொட்டுப் பார்த்துத் திருப்தியாகப் போகிறார். அவர் அன்றைக்கு வீடு பார்க்க வந்தது இரண்டாவது பெண்ணுக்காக மட்டும் இல்லை என்பது எனக்குக் கல்யாணம் முடிந்த அடுத்த ஜூலையில்தான் புரிந்தது. மழை வலுத்த அன்று கதவு தட்டப்பட்டது. மனைவியின் அக்கா நின்றிருந்தார், பிள்ளைகளோடும் பெட்டியோடும் மிக்ஸியோடும். பின்னால் பெட்டியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தபடி மாமனார்.

"இங்கதான் தண்ணி வராதே மாப்ளே" என்றார்.

இப்போது மழைக்காலம் முழுக்க அவர் லக்ஷ்மிபாய் நகரில் கட்டிலில் படுத்துத் தூங்குகிறார். சமையலறை வாசலில் நான் படுக்கிறேன்.